எச்.எம். சார் தவறிட்டா பழைய ஸ்டூடண்ட்ஸ் என்ன பண்ணலாம்: நாங்க சேலத்துல பண்ணத வெச்சு சொல்றேன்

போன வருஷம் ஆவணி மாசம் எங்க எச்.எம். சார் தவறிட்டாரு. கணக்கு வாத்தியாரா வந்து, சாயங்காலம் ஆனா வாலிபால் கோச்சா மாறி, கடைசி ஒம்பது வருஷம் எச்.எம்.மா இருந்து ரிட்டயர் ஆனவரு. கன்னங்குறிச்சி பக்கம் எங்க ஸ்கூல். ஏற்காட்டு மலை கிராமத்துல இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச பசங்க, அஸ்தம்பட்டி டவுன் பசங்க, தறி ஓட்டற வீட்டுப் பசங்கன்னு எல்லாரையும் ஒரே நெட்டுக்கு ரெண்டு பக்கம் நிக்க வெச்சவரு. சேதி வந்த அன்னிக்கு வாட்ஸப் குரூப்புல வரிசையா கும்பிடற கை படம் தான் வந்துச்சு, அடுத்து என்ன பண்றதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. அப்ப யாராவது சொல்லிக் குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும், அதனால தான் இத எழுதறேன். உங்க ஊர்லயும் இப்படி ஒரு சார் இருந்திருப்பாரு.

மொத பதினாறு நாள் எந்த பிளானும் போடாதீங்க. சிலை, கப், டோர்னமெண்ட் எதுவும் வேணாம், வீட்டுக்குப் போங்க. மொத்தமா முப்பது பேரு ஒரே நாள்ல போய் நிக்காம ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சுப் போங்க, ஏன்னா மூணாவது நாளுக்கு அப்புறம் வீடு வெறிச்சோடிப் போயிடும், அப்ப தான் ஆள் வேணும். கையோட செய்யற வேல ஒன்னு இருக்கு, பேப்பர் வேல. இறப்ப 21 நாளுக்குள்ள பதிவு பண்ணிடணும், அதுக்கு மேல போனா லேட் ஃபீஸு, அலைச்சல். சர்டிபிகேட் வந்ததும் நாலஞ்சு காப்பி எடுத்து அட்டஸ்ட் வாங்கி வெச்சுடுங்க. பேமிலி பென்ஷனுக்கு கருவூலத்துக்குப் போகணும், வாரிசு சான்றிதழ் கேட்டாங்கன்னா இ-சேவை மையத்துல அப்ளை பண்ணணும், தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வரும், அதுக்கு ஆளுங்க ஆதாரெல்லாம் வேணும். எங்க பேட்ச்ல கருவூலத்துல வேல பாத்து ரிட்டயர் ஆன அண்ணன் ஒருத்தர் இருந்தாரு, அம்மாவ, அதாவது சாரோட வீட்டம்மாவ, ஒரு தடவ கூட வரிசைல நிக்க விடல. நாங்க பண்ணதுலயே உருப்படியான காரியம் எதுன்னு கேட்டா நான் இதத்தான் சொல்வேன்.

அடுத்தது பிளெக்ஸ். இதுல நாங்க பட்டுட்டோம். அவசரமா பதினாறாம் நாளைக்கு கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடிச்சோம், சாரோட இனிஷியல் தப்பா வந்துடுச்சு. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒவ்வொரு பையன் பேரையும் இனிஷியலோட தான் வாசிப்பாரு, ஏன் சார்னு கேட்டா உங்கப்பனையும் சேத்து தான் கூப்பிடறேன்டா தம்பின்னு சொல்வாரு, அப்படிப்பட்ட மனுசனுக்கு இனிஷியல மாத்திப் போட்டு ரோட்டுல நிக்க வெச்சுட்டோம். சாரோட பையன் பாத்துட்டு ஒன்னும் சொல்லல, அது தான் இன்னும் வலிச்சுது. அன்னிக்கே கழட்டிட்டோம். அதனால சொல்றேன், பிளெக்ஸ் கண்டிப்பா வேணும்னா வீட்ல ஒருத்தர் கிட்ட பேரு, இனிஷியல், பிறந்த தேதி, எந்த போட்டோன்னு எழுதி வாங்கிட்டு அப்புறம் பிரிண்டுக்குக் குடுங்க. ரோட்டோரத்துல அனுமதி இல்லாம வைக்கவே வைக்காதீங்க, 2019ல பள்ளிக்கரணைல பேனர் சரிஞ்சு ஒரு பொண்ணு உயிரே போச்சு. ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ள அளவா ஒரு போட்டோ வெச்சு மால போட்டா போதும்.

இப்ப மெயின் வேலைக்கு வரேன். பேரு சேருங்க.

சார் கிட்ட லாங் சைஸ் நோட்டு இருந்துச்சு. பிரவுன் அட்ட, முதுகுல இன்சுலேஷன் டேப் ஒட்டினது. ஒவ்வொரு வருஷமும் டீம் பசங்க பேரு, ஊரு, உயரம் எத்தன சென்டிமீட்டர், எந்தக் கை, செருப்பு சைஸ் எல்லாம் அதுல எழுதி வெப்பாரு. பன்னெண்டு பேரு இல்ல, வர்ற அத்தன பேரும். ஒரு மேட்ச்ல கூட இறங்காம மூணு வருஷம் பந்து பொறுக்கிப் போட்ட பையன் பேரும் அதுல இருக்கும், பக்கத்துல பென்சில்ல "தினம் வரான்"னு இருக்கும். அம்மா அந்த நோட்டுங்கள எங்க கைல குடுத்தப்ப மொத்தம் பதினோரு நோட்டு, ரெண்ட கரையான் அரிச்சிருந்துச்சு. உங்க சார் கிட்டயும் இந்த மாதிரி ஏதாவது இருக்கும், ஸ்கோர் ஷீட், டைரி, பழைய சர்டிபிகேட் கட்டு, எதுவா இருந்தாலும் வீட்ட காலி பண்ணி பழைய பேப்பர்காரருக்குப் போடறதுக்கு முன்னாடி கேட்டு வாங்கி, போட்டோ எடுத்துட்டு, ஒரிஜினல திருப்பிக் குடுத்துடுங்க.

அந்த லிஸ்ட வெச்சு ஒவ்வொருத்தரையா தேடுனோம். நம்ம ஜில்லால மாரியப்பன் தங்கவேலுவத் தெரியாதவங்க கிடையாது, பெரியவடகம்பட்டி பையன், 2016 ரியோ பாராலிம்பிக்ஸ்ல ஹை ஜம்ப்ல தங்கம், அப்புறம் டோக்கியோல வெள்ளி, 2024 பாரிஸ்ல வெண்கலம். அவர ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் பக்கம் திருப்பி விட்டதும் ஒரு பி.டி. வாத்தியார் தான். ஆனா ஜெயிச்சு பேப்பர்ல வந்தவங்க பேரு எப்படியும் நிக்கும், பேப்பர்ல வராதவங்க பேர நாம தான் தேடணும். எங்க லிஸ்ட்ல முக்காவாசிப் பேரு திருப்பூர்ல, பெங்களூர்ல, லாரி பட்டறைல, செவ்வாப்பேட்டைல கொலுசுப் பட்டறைல இருக்காங்க. மலைல காபி எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போற ஒரு அண்ணன் போன்ல சிக்னலே கிடைக்காம, ஒரு ஞாயித்துக்கிழம இருவது ஹேர்பின் பெண்டும் ஏறி நேர்ல போய்ப் பாத்தோம். அவரு தான் அந்த "தினம் வரான்" பையன். நோட்டுப் பக்கத்த போன்ல காட்டுனோம், வாங்கி, விரலால பெருசு பண்ணி, அந்த ரெண்டு வார்த்தைய ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாரு, அப்புறம் உள்ள போய் அவரு பொண்ணக் கூட்டிட்டு வந்து படிக்கச் சொன்னாரு.

பேசச் சொல்லி ரெக்கார்ட் பண்ணும்போது "சாரப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்க"ன்னு கேட்டீங்கன்னா எல்லாரும் நல்ல மனுசர், கண்டிப்பானவர்னு மேடைப் பேச்சு தான் பேசுவாங்க. அப்படிக் கேக்காதீங்க. சார் உங்கள மொத தடவ எப்ப அடிச்சாரு? டோர்னமெண்டுக்குப் போனா சாப்பாடு எங்க வாங்கித் தருவாரு? தோத்துட்டு வர்ற பஸ்ல என்ன பண்ணுவாரு? இப்படி கேளுங்க, கொட்டுவாங்க. காந்தி ஸ்டேடியத்துல தோத்துட்டு வந்த அன்னிக்கு தட்டுவடை செட் கடைல நிறுத்தி, ஆளுக்கு ரெண்டு செட் வாங்கிக் குடுத்துட்டு, சாப்டு முடிக்கற வரைக்கும் மேட்சப் பத்தி ஒருத்தரும் பேசக் கூடாதுன்னு சொல்லிடுவாராம். இத மூணு பேட்ச் ஆளுங்க தனித்தனியா சொன்னாங்க. வயசானவங்க கிட்ட மொதல்ல போங்க, சார் கூட வேல பாத்த டீச்சருங்க, ஆபீஸ் கிளார்க், வாட்ச்மேன் தாத்தா, இவங்கள அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க. ரெக்கார்டிங் அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா போகட்டும், நிறுத்தாதீங்க.

போட்டோ விஷயம் சட்டுன்னு சொல்லிடறேன். பழைய குரூப் போட்டோவ கண்ணாடி பிரேம்ல இருந்து வெளிய எடுத்து, பகல் வெளிச்சத்துல நிழலான எடத்துல வெச்சு, பிளாஷ் இல்லாம எடுங்க. வாட்ஸப்புல அனுப்பும்போது டாக்குமெண்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்புனா சுருக்கிடும், மூஞ்சி தெரியாது. பின்னாடி பேரு எழுதணும்னா பென்சில் தான், பால்பாயின்ட் பேனா அழுத்துனா முன்பக்கம் தடம் விழும்.

காசு. இங்க தான் எல்லா பழைய மாணவர் சங்கமும் உடையுது. ஒருத்தர் ஜிபே நம்பருக்கு அனுப்பச் சொல்லாதீங்க, அவரு எவ்வளவு நேர்மையா இருந்தாலும் ஆறு மாசத்துல பேச்சு வந்துடும். ஏழு பேரு சேந்தா 1975ஆம் வருஷத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல சங்கமா பதிவு பண்ணலாம், பேங்க் அக்கவுண்டுக்கு ரெண்டு கையெழுத்து வைங்க, மாசம் ஒரு தடவ பாஸ்புக் பக்கத்த குரூப்ல போடுங்க. கவர்மெண்ட் ஸ்கூலா இருந்தா 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் வழியா குடுக்கலாம், எந்த ஸ்கூலுக்கு எந்த வேலைக்குன்னு சொல்லியே குடுக்க முடியும். கட்டடத்துக்குப் பேரு வைக்கறது, சிலை வைக்கறது எல்லாம் எச்.எம். சரின்னு வாயால சொன்னா பத்தாது, டிபார்ட்மெண்ட்ல எழுத்துல வாங்கணும், நாள் ஆகும்.

என்னக் கேட்டா சிலை வேணாம். ஒரு லட்சம் சேத்து டெபாசிட் போட்டா ஏழு பர்சன்ட் வட்டின்னு வெச்சாலும் வருஷம் ஏழாயிரம் வரும், அசல்ல கை வைக்க வேணாம். அதுல பந்து, நெட்டு, ரெண்டு பசங்களுக்கு ஷூ வாங்கிடலாம். பரிசு குடுக்கறதா இருந்தா பெஸ்ட் பிளேயருக்குக் குடுக்காதீங்க, அவனுக்கு வேற கப் நெறைய கிடைக்கும். நாங்க "தினம் வரான்" பரிசுன்னே பேரு வெச்சுட்டோம். அட்டெண்டன்ஸ் பாத்து குடுக்கறோம், பொண்ணுங்க டீமுக்கு ஒன்னு, பசங்க டீமுக்கு ஒன்னு. இன்னொன்னு, உங்க கோச் இன்னும் இருக்காருன்னா இதுக்கெல்லாம் அவரு போற வரைக்கும் காத்திருக்கவே வேணாம். கிரிக்கெட் ஆடற சின்னப்பம்பட்டி நடராஜன் ஜெர்சி முதுகுல ஜே.பி. நட்டுன்னு போட்டாரே, அந்த ஜே.பி. அவர வளர்த்து விட்ட ஜெயப்பிரகாஷ் அண்ணன் தான். அவரு கண்ணால பாக்கற மாதிரி செஞ்சாரு. எங்களுக்கு அந்தக் குடுப்பின இல்ல.

நாள் குறிக்கறதுல கவனம். தலைத்திவசம் திதிப்படி வரும், இங்கிலீஷ் தேதியோட ஒத்துப் போகாது, அன்னிக்கு வீட்ல ஐயர், சொந்தக்காரங்கன்னு வேல இருக்கும், நீங்க அதே நாள்ல விழா வெச்சா அவங்களால வர முடியாது. மே மாசம் சனி ஞாயிறு வேணாம், ஏற்காட்டு கோடை விழாக் கூட்டத்துல கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரத்துல இருந்தே வண்டி நகராது, மலைல இருந்து வர்றவங்க மாட்டிக்குவாங்க. காணும் பொங்கல் தான் வெளியூர் ஆளுங்க எல்லாரும் ஊர்ல இருக்கற நாள். ஆனா மொத வருஷம் துக்க வீடு, அதனால நாங்க தயங்கித் தயங்கித் தான் கேட்டோம். அம்மா சொன்னாங்க, "பொங்கல் எங்களுக்கு இந்த வருஷம் இல்ல சாமி, ஆனா அந்த கிரவுண்ட சும்மா போட்டு வெக்காதீங்க, ஆடுங்க."

மேட்ச் வெச்சா மேடை, சால்வ, தலைவர் உரைன்னு இழுக்காதீங்க. அம்மாவுக்கு நிழல்ல ஒரு சேர், தண்ணி, அவ்வளவு தான். ஐம்பது தாண்டின பேட்சுக்கு நாங்க பழைய ரூல்ல ஒரு செட் வெச்சோம், சர்வீஸ் கைல இருந்தா தான் பாயின்ட்டு, பதினஞ்சு பாயின்ட்டு. 1999 வாக்குல, யாரு சர்வீஸ் போட்டாலும் பாயின்ட் கிடைக்கற ரேலி பாயின்ட் வந்தப்புறம் வளர்ந்த பசங்களுக்கு அது புதுசா இருந்துச்சு. பழைய ரூல்ல ஒரு செட்டே முக்கா மணி நேரம் ஓடும், அதனால ஒன்னோட நிறுத்திக்கங்க, குதிக்கறதுக்கு முன்னாடி நல்லா வார்ம் அப் பண்ண வைங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி கோடு போடுங்க. இத மட்டும் விட்டுடாதீங்க. சார் ரெடிமேட் டேப் கோர்ட்ட ஒத்துக்கவே மாட்டாரு, காலைல ஆறு மணிக்கு ஆணி, சுத்தியல், கயிறு, சுண்ணாம்புத் தூளோட வருவாரு. கோர்ட்டு 18 மீட்டருக்கு 9 மீட்டர், பாதி கோர்ட்டு 9க்கு 9. நாலு மூலைலயும் ஆணி அடிச்சா மட்டும் சதுரமாயிடாது, கோணிக்கும். பாதி கோர்ட்டுல மூலைக்கு மூல கயித்தப் பிடிக்கச் சொல்வாரு, 12.73 மீட்டர் வருதா பாருங்கடான்னு. வரலைன்னா ஆணியப் பிடுங்கி மறுபடி. பித்தாகரஸ் தேற்றத்த நான் கிளாஸ்ல கத்துக்கல, குனிஞ்சு கயிறு பிடிச்சப்ப தான் கத்துக்கிட்டேன். இந்தப் பொங்கலுக்கு எட்டாவது படிக்கற ரெண்டு பொண்ணுங்க கைல கயித்தக் குடுத்தோம். மொத தடவ 12.60 வந்துச்சு. நாங்க யாரும் வாயே திறக்கல, அதுங்களே மேற்கு மூல ஆணியப் பிடுங்கி நவுத்தி அடிச்சுதுங்க.

கயிறு சணல் கயிறா வாங்குங்க, நைலான் இழுத்தா நீளும்னு சார் சேக்க மாட்டாரு. 9 மீட்டர்லயும் 12.73லயும் சிவப்புத் துணி கட்டி பி.டி. ரூம் ஆணில மாட்டி வெச்சிருக்கோம். எங்க ஸ்கூல் பசங்க யாராவது இதப் படிச்சா, எடுத்துட்டு நனைஞ்சிருந்தா அப்படியே மாட்டிட்டுப் போயிடாதீங்க, சணல் நனைஞ்சா சுருங்கி அளவு மாறிடும், வெயில்ல நல்லா காய வெச்சு, ஒரு தடவ டேப் பிடிச்சு பாத்துட்டு மாட்டுங்க.