டோட்டல் ஸ்டேஷனின் நிலையான பிழையைக் காண மூன்று முக்காலிகள் போதும்

நீளம் சான்றளிக்கப்பட்ட பேஸ்லைன் (ஒப்பிடுவதற்கான அடிக்கோடு) அருகில் இல்லாவிட்டாலும், நில அளவையில் கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனும், அதன் ஒளிக்கதிரைத் திருப்பி அனுப்பும் பிரிசமும் சேர்ந்து ஒவ்வோர் அளவிலும் கூட்டியோ குறைத்தோ காட்டும் நிலையான பிழையை, ஒரே நேர்கோட்டில் அ, ஆ, இ என மூன்று முக்காலிகளை நிறுத்தி ஒரு காலைப்பொழுதிலேயே கண்டுபிடித்துவிடலாம். அஆ, ஆஇ, அஇ ஆகிய கிடைத்தூரங்களை அளந்து, முதல் இரண்டின் கூட்டுத்தொகையிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் வருவதே அந்தப் பிழை. துண்டுகளைக் கூட்டும்போது பிழை இரண்டு முறையும், முழு நீளத்தில் ஒரு முறையும் சேர்வதால், உண்மையான தூரம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

100 மீட்டர் துண்டுகளில் நடுப்புள்ளி 5 செ.மீ. விலகினாலும் விடை 0.1 மி.மீ. கூட மாறாது; ஆனால் மையப்படுத்துவதில் நேரும் 2 மி.மீ. தவறு அப்படியே விடையில் ஏறிவிடும். ஆகவே முக்காலியின் தலையில் கருவியைத் தாங்கும் டிரைபிராக்குகளைக் கழற்றாமல், அவற்றின் மேல் கருவியையும் பிரிசத்தையும் மட்டும் இடம் மாற்றுவது மிகவும் முக்கியம். வேலூர்ப் பக்கத்தில் பாலாற்று மணல் தடையின்றி நீண்டு கிடந்தாலும், அதில் முக்காலியின் கால்கள் மெல்ல இறங்கும், வெயில் ஏறியதும் கானல் அலையும். நடுவில் சற்றே தாழ்ந்த கெட்டித் தரைதான் ஏற்றது.

தூரத்துக்கேற்ப வளரும் பிழையை இம்முறை காட்டாது. அதற்கு நீளம் அறிந்த பேஸ்லைனே வேண்டும். வெப்பநிலையை 1 டிகிரி தவறாகப் பதிந்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 1 மி.மீ. பிசகும் என்பதால், 40 டிகிரி வெயிலில் கருவியில் பதிந்த வெப்பநிலையை 20 டிகிரியிலேயே விட்டுவைக்கக் கூடாது. பிரிசத்தை மாற்றினால் இச்சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.