தோட்டக்காணியை ஆக்கள் வந்து தங்கிற இடமா மாத்திறது எப்பிடி?

வன்னியில இப்ப கனபேருக்கு இந்த யோசனை இருக்கு. அப்பப்பா காலத்தில யாழ்ப்பாணத்தில இருந்து வந்து காடு வெட்டின காணி, பிறகு சண்டை, இடம்பெயர்வு, 2009க்குப் பிறகு திரும்பி வந்து பாத்தா கூரையில்லாத வீடும் பத்தையும்தான், இப்ப பிள்ளையள் பாதிப்பேர் வெளிநாட்டில, வெள்ளாமையை மட்டும் நம்பினா கடன்தான் மிச்சம், சரி ரெண்டு றூம் போட்டு ஆக்களை விடுவம் எண்டு.

கல்லு மண் பறிக்க முதல் காணிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கோ. எங்கட பக்கம் கனக்க காணி 1935ம் ஆண்டு காணி அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழ அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த பெமிற் காணி, சொந்தமா எழுதின உறுதிக்காணி இல்லை. அதில பிஸ்னஸ் செய்யிறதெண்டா பிரதேச செயலகத்தில முதலே கதைக்க வேணும். வயலை நிரப்பிக் கட்டுற எண்ணம் இருந்தா விடுங்கோ, கமநல சேவைக்காரரின்ர அனுமதி இல்லாம ஏலாது, மேட்டுக்காணியிலயே கட்டுங்கோ. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில ஹோம்ஸ்டேயா பதியலாம்.

முதல் காசு பாத்றூமுக்கு. ஏசி எல்லாம் பிறகு பாக்கலாம், ஆனா நுளம்பு வலையும் நல்ல தண்ணியும் கட்டாயம். நெல்லுப் போட்டு வைக்கிற பழைய கொம்பறை மிஞ்சியிருந்தா தயவுசெய்து இடிக்காதேங்கோ, கிடுகை மாத்தி மெழுகி விட்டா வாற ஆக்கள் அதுக்கு முன்னாலதான் நிண்டு போட்டோ எடுப்பினம்.

இனி முக்கியமான விசயம். வெளிநாட்டு ஆக்கள் கூடுதலா வாறது ஜூலை ஓகஸ்ட், அங்க பள்ளிக்கூட லீவு. அப்ப இங்க கச்சான் காத்தும் புழுதியும், இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற சிறுபோக வயலைத் தவிர மற்றதெல்லாம் காய்ஞ்சு கிடக்கும். பச்சை வயல் பாக்கிறதெண்டா மார்கழி தை, அரிவு வெட்டு மாசியில. போட்டோவில பச்சையைப் போட்டு ஓகஸ்ட்டில ஆக்களைக் கூப்பிட்டா பேச்சுத்தான் கிடைக்கும். அதால வீட்டடியில கிணத்துத் தண்ணியில கத்தரி, மிளகாய், பயித்தை எண்டு ஏதாவது நெடுக நிக்க வேணும், வாற ஆக்களின்ர பிள்ளையள் தாங்களே ஆய்ஞ்சு குசினிக்குள்ள கொண்டுவரட்டும், வோட்டர் பம்பைப் போட்டுத் தொட்டியில குளிக்க விட்டா அரைநாள் அங்கயே போயிடும். சாப்பாட்டுக்கு மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு, குளத்து மீன், எருமைத் தயிர் போதும், ஹோட்டல் பிறைட் றைஸ் சாப்பிட ஒருத்தரும் இவ்வளவு தூரம் வாறேல்லை.

குளத்தில முதலை இருக்கெண்டதை வந்த உடனயே சொல்லிப்போடுங்கோ. இருட்டினாப் பிறகு யானை வாற பக்கம் விடாதேங்கோ, தெரியாத பத்தைக்குள்ள ஆரையும் இறக்காதேங்கோ, கண்ணிவெடிப் பயம் எல்லா இடமும் இன்னும் முடியேல்லை.