ஃபில்டர் புதுசு, தூசு உள்ளே: பழைய காரில் ஓரத்தை அடைக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில், குலை லாரிக்குப் பின்னால் ஓடும் காருக்கு ஏர் ஃபில்டர் காகிதத்தைவிட அதன் ரப்பர் ஓரம்தான் முக்கியம். காகிதம் தன் மேல் படும் தூசைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலோ, காற்று வடிபடாமல் நேரே எஞ்சினுக்குள் போய்விடும். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைத்துவிடும். பிறகு எண்ணெய் குறையும், நீலப்புகை வரும்.

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வைத்த பழைய புரோட்டான் சாகா, டட்சன் 130ஒய் போன்ற கார்களில் கார்புரேட்டரின் மேல், ஃபில்டர் இருக்கும் தகர டப்பா உட்கார்ந்திருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறங்கள். உடனே துடைக்காதீர்கள்! பலரும் தவறுவது இங்கேதான். ரப்பர் அழுந்திய தடத்தைத் தாண்டி, ஃபில்டரின் உட்பக்கம் நோக்கித் தூசுக் கோடு போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு போகும் இடத்தில்தான் ஓட்டை. மார்க்கரால் குறித்துக்கொண்டு, கார்புரேட்டர் வாயில் நூல் உதிராத சுத்தமான துணியை அடைத்த பிறகுதான் துடைக்க வேண்டும். முடித்ததும் துணியை எடுக்க மறக்காதீர்கள்.

அடுத்து உயரம். விட்டம் சரியாக இருந்து உயரம் குறைந்த ஃபில்டர்கள் ஸ்பேர் பார்ட் கடையில் நிறையக் கிடைக்கும். புதியதை உள்ளே வைத்து, மூடியை முறுக்காமல் மேலே வையுங்கள். மூடி ரப்பரின் மேல் உட்கார்ந்து, அதன் விளிம்புக்கும் டப்பா விளிம்புக்கும் நடுவே ஏறக்குறைய 2 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். கையால் அழுத்தினால் அது மூடிக்கொள்ள வேண்டும். வைத்த உடனேயே விளிம்போடு விளிம்பு உட்கார்ந்துவிட்டால் ஃபில்டர் குட்டை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உயரம் சரி என்றால் கிரீஸ் சோதனை. ரப்பரின் மேலும் கீழும் மெல்லிய கிரீஸ் தடவி, மூடி முறுக்கி, மறுபடி திறங்கள். மூடியிலும் அடித்தட்டிலும் அறுபடாத முழு வளையம் பதிந்திருக்க வேண்டும். விட்டுப்போன இடத்தில் தகரம் நெளிந்திருக்கிறது. டப்பாவைக் கழற்றி, அடியில் பலகை வைத்து ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி நிமிர்த்தலாம். சிலிகான் பசை பூசி நிரப்புவது ஆபத்து. பெட்ரோல் ஆவியில் அது ஊறி உரிந்து, துண்டாகக் கார்புரேட்டருக்குள் விழும்.

டப்பாவைக் கழற்றும்போதே அதற்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கட் வளையத்தைப் பாருங்கள். யாரும் கவனிக்காத கேஸ்கட் இதுதான். தட்டையாகி நகத்தால் அழுத்தினாலும் பதியாவிட்டால் மாற்றுங்கள். அதே அளவு கிடைக்காவிட்டால், பெட்ரோல் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஷீட்டை, பழைய கேஸ்கட்டின் தடிப்பிலேயே வாங்கி வெட்டிக்கொள்ளலாம்.

மூடியின் நடுவில் இருக்கும் விங் நட்டை (இரு பக்கமும் காது வைத்த நட்டை) விரலால் மட்டும் முறுக்குங்கள். பிளையர் போட்டால் மூடியின் நடு குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். அந்த நட்டுத் துளை திறப்பது வடிகட்டிய பக்கத்தில் என்பதால், நட்டுக்கு அடியில் உள்ள ரப்பர் வாஷர் இல்லையென்றால் மற்ற வேலை எல்லாம் வீண். வால்வு மூடியிலிருந்து வடிகட்டிய பக்கத்துக்கு எஞ்சின் ஆவியைக் கொண்டுவரும் பிரீதர் ஹோஸையும் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அதுவும் தூசு வழிதான்.

ஒர்க்‌ஷாப் கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடித்தால் காகிதம் கிழியும். அவசரத்துக்கு ஊத வேண்டுமானால் 2 பார் அழுத்தத்துக்குள், உள்ளிருந்து வெளியே ஊதுங்கள்.

எல்லாம் மாட்டும் முன், மூடியின் அடியில், ஃபில்டர் வளையத்துக்கு உட்பட்ட இடத்தில், நகத்தளவு கிரீஸை மெல்லத் தேய்த்துவிடுங்கள். தூசுச் சாலையில் இரண்டு வாரம் ஓட்டியபின் விரலால் தொட்டு நெருடிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சரி. மணல் நெருடினால், முதலில் வாஷர், பிறகு ஹோஸ், பிறகு கேஸ்கட் என்ற வரிசையில் தேடுங்கள்.