இசை இதழின் வடிவமைப்பை அட்டையிலிருந்து தொடங்காதீர்கள்

புதிதாக இசை இதழ் தொடங்குபவர்கள் கூடி உட்கார்ந்ததும் முதலில் கையில் எடுப்பது அட்டையைத்தான். ஒரு பாடகரின் முகம், அதன்மேல் நெளியும் இதழ்ப் பெயர், ஓரத்தில் நாலைந்து தலைப்புகள். பார்த்தவர்களுக்கெல்லாம் பிடித்துவிடுகிறது. அதே எழுத்துருவையும் அதே நிறங்களையும் உள்ளே கொண்டுபோகிறார்கள். பேட்டியும் கட்டுரையும் எப்படியோ ஒப்பேறிவிடும். ஆல்பம் மதிப்புரைப் பக்கத்துக்கு வரும்போதுதான் சாயம் வெளுக்கும்.

இசை இதழில் மிகக் கடினமான பக்கம் அதுதான். ஒரே ஒரு மதிப்புரையை எடுத்துப் பாருங்கள். ஆல்பத்தின் பெயர், கலைஞர் பெயர், வெளியிட்ட நிறுவனம், ஆண்டு, பாடல்களின் எண்ணிக்கை, மொத்த நேரம், மதிப்பெண், நூற்றுச் சொச்சம் சொற்களில் மதிப்புரை, கடைசியில் எழுதியவர் பெயர். இத்தனையும் ஒரு குறுகிய பத்திக்குள் அடங்க வேண்டும். ஒரு பக்கத்தில் இப்படி ஆறு வரும். எழுத்துரு இங்கே தாங்கினால் இதழ் முழுக்கத் தாங்கும். ஆகவே திட்டத்தை இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கி மேலே போவதே சரி என்பது என் தீர்மானமான கருத்து. இங்கே செய்யப்படும் தவறுகளைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

ஆங்கில இசை இதழ்களில் ஆல்பத்தின் பெயரைச் சாய்வெழுத்தில் போடுவார்கள், பாடலின் பெயரை மேற்கோளுக்குள் போடுவார்கள், இசைக்குழுவின் பெயருக்குப் பெரிய எழுத்து துணை நிற்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. சாய்வெழுத்துக்கும் மரபு இல்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் தனியாக வரையப்பட்டிருக்காது; மென்பொருள்தான் நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கும். ‘ண’வும் ‘ழ’வும் அப்போது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. எனவே ஆங்கில இதழின் பாணியை அப்படியே எடுத்து வைப்பது முதல் தவறு. முதல் ஆல்பத்துக்கு இசைக்குழு தன் பெயரையே வைப்பது சாதாரணமாக நடக்கிறது. அப்போது வாக்கியத்தில் வருவது குழுவா, ஆல்பமா என்று வாசகர் தடுமாறுவார். ஆல்பம் என்றால் சற்றுத் தடித்த எழுத்து, பாடல் என்றால் ஒற்றை மேற்கோள், ஆள் பெயரும் குழுப் பெயரும் சாதாரண எழுத்து என்று ஒரு விதியை முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும். எந்த விதி என்பது அவ்வளவு முக்கியமில்லை. எழுதுபவர், மெய்ப்புப் பார்ப்பவர், பக்கம் கட்டுபவர் மூவரிடமும் அதே விதி இருக்க வேண்டும்.

தடித்த எழுத்து என்றதும் இன்னொரு கண்ணி. எழுத்துருவில் உண்மையிலேயே தடித்த வடிவம் இருக்கிறதா என்று பார்க்காமல் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். மீரா இனிமை அழகான எழுத்துருதான். ஆனால் அதில் ஒரே எடைதான், அதாவது ஒரே தடிமன்தான் உண்டு. தடித்ததாக்கும் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் எழுத்தின் ஓரத்தைச் சுற்றி மை பூசும். 8 பாயிண்ட் என்ற சிறிய எழுத்தளவில் ‘ஞ’, ‘ண’, ‘ஜ’ ஆகியவற்றின் வளைவுகள் அடைபட்டு மூன்றும் ஒரே கறையாகத் தெரியும். முக்தா மலர், நோட்டோ செரிஃப் தமிழ் போன்றவற்றில் மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை பல எடைகள் வரையப்பட்டே கிடைக்கின்றன. தலைப்புக்கு எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்புரைப் பக்கத்துக்கு மட்டும் குறைந்தது மூன்று எடையுள்ள எழுத்துரு தேவை.

எழுத்துருவைச் சோதிக்கும்போது ‘அ ஆ இ ஈ’ என்று அடித்துப் பார்ப்பது வீண் வேலை. அதில் தோற்கும் எழுத்துரு கிடையாது. இசை இதழுக்கான சோதனை வரி வேறு: ஸ்ரீ, க்ஷ, ஜூ, ஹூ, ஃபா, ஸ்வ, 4:07, 11:52, ♯, ♭. கிரந்த எழுத்துகளை ஏனோதானோவென்று வரைந்திருப்பது இதில் உடனே தெரிந்துவிடும். பாடல் நேரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும்போது 1 என்ற எண் மற்றவற்றைவிட ஒடுக்கமாக இருந்தால் வரிசை கோணும். எல்லா எண்களும் ஒரே அகலத்தில் உள்ள வடிவம் அந்த எழுத்துருவில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்வரத்தை அரைப்படி உயர்த்தும் ஷார்ப் (♯) குறிக்குப் பதிலாகத் தொலைபேசிப் பொத்தானில் உள்ள # குறியைப் போடுவதும், அரைப்படி இறக்கும் ஃபிளாட் (♭) குறிக்குப் பதிலாக ஆங்கில ‘பி’யைச் சிறிதாக்கி ஒட்டுவதும் பரவலாகக் காணப்படுகிற அலட்சியம். ஷார்ப் குறியில் செங்குத்துக் கோடுகள் நேராக நிற்கும், குறுக்குக் கோடுகள் மேல்நோக்கிச் சாயும். தொலைபேசிக் குறியில் குறுக்குக் கோடுகள் சாயாமல் படுத்திருக்கும். ஷார்ப், ஃபிளாட், நேச்சுரல் மூன்றுக்கும் யூனிகோடில் தனித்தனி இடம் உண்டு. தமிழ் எழுத்துருவில் இல்லாவிட்டால் அவற்றை எந்த எழுத்துருவிலிருந்து எடுப்பது என்பதையும் விதியில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் கணினி தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் பிடித்துப் போடும்.

இசைக்குறிப்பு அச்சிடுவது இதைவிடச் சிக்கலானது. மேற்கத்திய ஐந்துகோட்டுக் குறிப்பை எங்கிருந்தோ படமாக எடுத்து ஒட்டினால் கோடுகள் மங்கி, இடையிடையே அறுந்து வரும். புகைப்படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். மெல்லிய கருங்கோட்டுக்குப் போதாது, 1200 வேண்டும். இசைக்குறிப்பு மென்பொருளிலிருந்தே பிடிஎஃப் ஆக எடுத்து வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஸ்வரக் குறிப்பில் நடக்கும் தவறு வேறு. தாள அடிக்குக் கீழே ஸ்வரம், அதற்குக் கீழே சாகித்தியம் (பாடல் வரி) என்று வரிசைப்படுத்த இடைவெளிப் பொத்தானையே தட்டித் தட்டி நிரப்பியிருப்பார்கள். எழுத்துருவையோ அளவையோ மாற்றிய கணத்தில் எல்லாம் சரிந்துவிடும். அட்டவணையாகக் கட்டுவதுதான் ஒரே வழி. மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி என்பதால் வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். நெருக்கினால் மேல்வரியின் கீழ்ப்புள்ளி எது, கீழ்வரியின் மேல்புள்ளி எது என்று தெரியாமல் போகும்.

கீர்த்தனை வரிகளில் வடமொழி உச்சரிப்புக்காக க², க³, க⁴ என்று எண் போடும் வழக்கம் இருக்கிறது. அதே கட்டுரையில் ரி₁, ரி₂ என்று ஸ்வர வகைக்கும் எண் வரும். இது போதாதென்று பக்கம் கட்டுபவர் அடிக்குறிப்புக்கும் மேலெழுத்து எண்ணையே வைத்தால் வாசகர் எந்த எண்ணை எங்கே தேடுவார்? அடிக்குறிப்புக்கு நட்சத்திரக் குறி வையுங்கள். ² , ³ இரண்டும் ஏறக்குறைய எல்லா எழுத்துருவிலும் இருக்கும். ⁴ பலவற்றில் இருக்காது. அதனால் நான்கு மட்டும் வேறு எழுத்துருவில், வேறு தடிமனில் வந்து நிற்பதை அச்சான பக்கங்களில் காணலாம்.

வரி இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆங்கிலத்துக்கு 10 பாயிண்ட் எழுத்து, 12 பாயிண்ட் வரி என்பது கண்ணை உறுத்தாது. தமிழில் த, ற, ழ எல்லாம் கீழே இறங்கும். புள்ளியும் ‘ி’, ‘ீ’ விசிறிகளும் மேலே ஏறும். 10 பாயிண்டுக்கு 14 அல்லது 15 கொடுத்தால்தான் மூச்சு விடும். தலைப்பில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ‘புதிய தாளம்’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘நீண்ட மௌனம்’ என்று ஒரு வரி வைத்து, ஆங்கிலத் தலைப்பைப் போல நெருக்கிப் பாருங்கள். ‘பு’வின் கால் ‘நீ’யின் சுழியில் போய் மிதிக்கும். தலைப்பை எழுத்தெழுத்தாக அகலப்படுத்துவதும் ஆங்கிலத்திலிருந்து வந்த நோய்தான். ‘கா’வின் கால் தனியே பிரிந்து நின்றால் அது இரண்டு எழுத்தாகிவிடுகிறது.

குறுகிய பத்தியில் இருபுறமும் ஒழுங்குபடுத்துவது தமிழுக்குப் பகை. ‘இசையமைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ போன்ற ஒரு சொல் வந்தால் மேல்வரியில் இரண்டே சொற்கள் எட்டி எட்டி நிற்கும். மதிப்புரைப் பத்திகளை இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக வைத்து வலப்பக்கத்தை அதன் போக்கில் விடலாம். சொல்லை உடைக்கும்போது ‘ம்’, ‘ல்’ போன்ற மெய்யெழுத்து வரியின் தொடக்கத்தில் வந்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்டிசைன் மென்பொருளில் பக்கம் கட்டுபவர்கள் பாரா அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், நடுவில் புள்ளி வட்டம் முளைக்கும். பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரே ஒரு பெட்டிச் செய்தியில் மட்டும் இது தப்பி அச்சாவது உண்டு.

இனி, சத்தத்தைப் பற்றி. இசை இதழ் என்றாலே பக்கம் அதிர வேண்டும், எழுத்து உடைந்து சிதற வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்க வடிவமைப்பாளர் டேவிட் கார்சனைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1992இல் தொடங்கிய ‘ரே கன்’ இசை இதழில் அவர் செய்தவை துணிச்சலானவைதான். பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சலிப்பாக இருந்ததென்று முழுவதையும் குறியீடுகள் மட்டுமே கொண்ட டிங்பேட்ஸ் எழுத்துருவில் அச்சிட்டார். அந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அதே இதழின் பின்பகுதியில் அந்தப் பேட்டி படிக்கக்கூடிய எழுத்திலும் இருந்தது. ‘தி ஃபேஸ்’ என்ற பிரிட்டிஷ் இதழில் வடிவமைப்பாளர் நெவில் பிராடி செய்தது எனக்கு இதைவிடப் பிடிக்கும். பொருளடக்கப் பக்கத்தின் தலைப்பை இதழுக்கு இதழ் சிறிது சிறிதாகச் சிதைத்து, கடைசியில் வெறும் வடிவமாக்கினார். படிப்படியாக நடந்ததால் வாசகர்களின் கண்ணும் கூடவே பழகியது. பார்த்துப் பின்பற்றுவதென்றால் அந்த நிதானத்தையும் சேர்த்துப் பின்பற்ற வேண்டும். முதல் இதழிலேயே எல்லாவற்றையும் உடைத்துவிட்டால் அடுத்த இதழில் உடைக்க என்ன இருக்கும்?

கச்சேரிப் புகைப்படங்களில் ஏமாறாதவர்கள் குறைவு. மேடையின் எல்இடி விளக்கு உமிழும் நீலமும் ஊதாவும் திரையில் தகதகக்கும். நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மை அச்சில் அந்த நிறங்களுக்கு இடமே இல்லை. அச்சாகும்போது நீலம் மங்கிய கத்தரிப்பூ நிறமாகிவிடும். பக்கம் கட்டும் முன்பே படத்தை அச்சு நிறத்துக்கு மாற்றிப் பார்த்து, தேறாதவற்றைக் கருப்பு வெள்ளையாக்கிவிடுவது புத்திசாலித்தனம். இருண்ட மேடையின் கருமை நான்கு மையும் சேர்ந்து வருவது. அதன்மேல் மெல்லிய வெள்ளை எழுத்தில் ஒரு பேட்டி முழுவதையும் போட்டால், மை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தின் ஓரம் சிவப்பாகவோ நீலமாகவோ கசியும். படத்தின்மேல் நாலு சொல் தலைப்பு போதும். இரட்டைப் பக்கப் படத்தில் பாடகரின் மூக்கு மடிப்புக்குள் போகாமல் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

பக்க அளவையும் பக்கக் கணக்கையும் கடைசிவரை தள்ளிப்போடக் கூடாது. அமெரிக்க இசை இதழான ‘ரோலிங் ஸ்டோன்’ 1967இல் செய்தித்தாள் தாளில் தொடங்கிப் பல ஆண்டுகள் பெரிய அளவிலேயே வந்து, 2008இல் வழக்கமான இதழ் அளவுக்குச் சுருங்கியது. அளவு மாறினால் பத்திகளின் எண்ணிக்கை, தலைப்பின் உயரம், படத்தின் விகிதம் அனைத்தும் மாறும். பழைய பக்கத்தைக் குறுக்கி வைத்துவிட முடியாது. நடுவில் பின் அடிக்கும் இதழுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். 50 பக்கம் என்று திட்டமிட்டுவிட்டு அச்சகத்தில் போய் விழிப்பவர்கள் கடைசி இரண்டு பக்கங்களுக்காக எதையாவது எழுதி நிரப்புகிறார்கள். நடுப்பக்கம் மட்டுமே ஒரே தாளில் மடிப்பு பொருந்தி வரும், ஆகையால் பெரிய படத்தை அங்கே வையுங்கள். முதுகு ஒட்டிய இதழ் முழுதாக விரியாது. உள்விளிம்பில் கூடுதலாக இடம் விடாவிட்டால் வரியின் கடைசி எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும்.

பாடலைக் கேட்பதற்கான கியூஆர் குறியை இப்போது எல்லோரும் அச்சிடுகிறார்கள். வடிவமைப்பு கெடுகிறதே என்று அதைக் கருப்புப் பின்னணியில் வெள்ளையாக மாற்றினால் சில செயலிகள் படிக்காது. சுற்றிலும் குறியில் உள்ள சிறு கட்டங்களில் நான்கின் அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும். குறியின் பக்க அளவை 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வைப்பது பாதுகாப்பு. மடிப்பின் அருகே தாள் வளையும் இடத்தில் வைத்தாலும் அது படிக்கப்படாது. குறிக்குக் கீழே முகவரியையும் அச்சிட்டுவிடுங்கள், கையால் தட்டச்சு செய்யும் நீளத்தில்.