ஈறுகளில் ரத்தம் கசிகிறதா? முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

பல் துலக்கித் துப்பும்போது நுரை இளஞ்சிவப்பாக வந்தால் பலரும் அந்தப் பக்கம் பிரஷ்ஷையே கொண்டுபோவதில்லை. ‘புண்ணாகியிருக்கிறது, ஆறட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஈறு நோய்க்கு அதைவிட வசதி வேறு கிடையாது.

துலக்கிய சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் பாக்டீரியாக்கள் சேர்ந்த பிசுக்குப் படலம் உருவாகத் தொடங்கிவிடும். நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக, மாவு மாதிரி வருமே, அதுதான். ஈறு விளிம்பில் அது தங்கிவிட்டால், அதை எதிர்க்க உடல் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. ஈறு சிவந்து, உப்பி, தொட்டாலே கசிகிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர் நல்ல ஈறுகளுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 1965-ல் வெளியான அந்த ஆய்வில், 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்திருந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. இந்தக் கட்டம்வரை நோய் முழுக்க நம் கைக்குள்தான் இருக்கிறது.

அதைத் தாண்டினால் கதை வேறு. படலம் உமிழ்நீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்து இறுகிக் காரையாகிறது. ஈறு பல்லைவிட்டு மெல்ல விலகி, நடுவே பை போன்ற இடைவெளி விழுகிறது. 3 மி.மீ. ஆழம்வரை இயல்பு, அதற்கு மேல் போனால் பிரஷ் எட்டாது. அடியில் பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. பெரும்பாலும் வலியும் இருக்காது என்பதுதான் இதில் மோசமான செய்தி.

படி 1: பாருங்கள்

கண்ணாடி முன் நின்று, செல்பேசி வெளிச்சத்தில் கீழ் முன்பற்களின் உட்புறத்தை, நாக்குப் பக்கத்தைப் பாருங்கள். சில உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் நாக்குக்கு அடியில் திறக்கிறது. அதனால் காரை முதலில் சேரும் இடங்களில் இது ஒன்று. பற்களின் அடியில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரு கரை ஓடியிருந்தால், அதுதான் காரை. இன்னோர் இடம் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கம்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நம்மில் பலருக்கு ஈறு கருமையாக இருப்பது இயல்பே; நோயில்லை. வடிவத்தைக் கவனியுங்கள். நல்ல ஈறு இறுக்கமாக, இரு பற்களுக்கு நடுவே கூராக முடியும். நோயுற்றது உப்பி, மழுங்கி, பளபளக்கும். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால், ‘எனக்கு ரத்தமே வருவதில்லை’ என்று அவர்கள் நிம்மதி அடைய முடியாது.

படி 2: விளிம்பைத் துலக்குங்கள்

மென்மையான இழைகள் உள்ள பிரஷ் போதும். இழைகள் பாதி பல்லிலும் பாதி ஈற்று விளிம்பிலும் படும்படி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். அழுத்தாமல், இருந்த இடத்திலேயே சிறு அதிர்வாக முன்னும் பின்னும் அசைத்துவிட்டு அடுத்த இரண்டு பற்களுக்கு நகருங்கள். முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். மொத்தம் 2 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. காலையில் மட்டும் துலக்கும் பழக்கமுள்ளவர்கள் இரவுத் துலக்கலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைவு.

ரத்தம் வரும் இடத்தையும் இதே போல் துலக்குங்கள். முதல் சில நாட்கள் கசியும், பிறகு குறையும். பேஸ்ட் ஃபுளோரைடு உள்ளதாக இருந்தால் போதும், விலை முக்கியமில்லை. செங்கல் பொடி, சாம்பல், அடுப்புக்கரி ஆகியவை பளிச்சென்று ஆக்குவது போலத் தோன்றினாலும் பல்லைத் தேய்த்துவிடும்.

படி 3: இடுக்குகள்

பிரஷ் எவ்வளவு நல்லதானாலும் இரு பற்களின் நடுவே நுழையாது. நெருக்கமான பற்களுக்கு ஃபிளாஸ் நூல். ஏறக்குறைய 45 செ.மீ. எடுத்து இரு நடுவிரல்களிலும் சுற்றி, இடுக்கில் மெதுவாக இறக்கி, ஒரு பல்லை அணைத்தபடி மேலும் கீழும் இழுங்கள். பிறகு பக்கத்துப் பல். இடைவெளி அகலமாக இருந்தால் இடுக்குப் பிரஷ் இன்னும் சுலபம். ஊக்கு, தீக்குச்சி, கையில் கிடைத்த எதுவும் வேண்டாம்.

படி 4: வாய் கொப்பளிப்பு

வெதுவெதுப்பான உப்புநீர் இதமளிக்கும், படலத்தை அகற்றாது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவம் உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கின் சுவையும் மாறும். மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் போதும்.

படி 5: காரையை எடுக்கச் செல்லுங்கள்

இறுகிய காரையை எந்தப் பேஸ்ட்டும் கரைக்காது. பல் மருத்துவர் கருவியால் அதைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் ஒன்றே வழி. ‘கிளீனிங் செய்தால் பல் ஆடும், சந்து விழும்’ என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. அந்தச் சந்து முன்பே இருந்தது. அதைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது. வீங்கிய ஈறு வற்றும்போது இன்னும் கொஞ்சம் தெரியும். சில நாட்கள் பல் கூசுவதும் வழக்கமானது.

சர்க்கரை நோயுள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். கருவுற்ற பெண்களுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்ற மருந்துகளால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் கசிவு நிற்கவில்லை, பல் ஆடுகிறது, சீழ் வருகிறது என்றால் பல் மருத்துவரைப் பாருங்கள். முகம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே செல்லுங்கள்.