போவியின் ஒரு அல்பத்தை இரண்டு தரம் கேட்டு வாதாடுவது எப்படி

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்னேரங்களில் நாலைந்து பேர் கூடுவோம். ஆங்கிலேயப் பாடகர் டேவிட் போவியின் ‘நெவர் லெற் மீ டவுன்’ பற்றிப் பேச்செடுத்தால் பிளேன்ரீ ஆறிப்போகும். 1987இல் வந்த அந்த அல்பம் அவருடைய பலவீனமான வேலை என்பதில் எங்களுக்குள் வாதமில்லை. அவர் 2016 ஜனவரியில் காலமானார். 2018இல் இசைத் தயாரிப்பாளர் மரியோ மக்நல்ரி அவருடைய குரலை வைத்துக்கொண்டு பின்னணியில் பெரும்பகுதியைப் புதிதாக வாசிப்பித்து வெளியிட்டார். அதில்தான் சண்டை.

முதலில், பழையதை எப்படிக் கேட்டு வளர்ந்தீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லிவிடுங்கள். நான் கேட்டது 1990களின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, டைனமோவில் வயர் கொழுவி, அண்ணா பெடல் சுற்றுவார். கை தளர்ந்தால் கசற்றில் போவியின் குரல் இழுபடும். அந்த இழுவை இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்குப் பழையதில் பாசம் என்று தெரிந்தால்தான் என் பேச்சை நீங்கள் எடைபோடலாம்.

அடுத்தது சத்தம். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். கொஞ்சம் கூடுதலான சத்தத்தில் கேட்பது எப்போதும் நல்லதாகவே படும். பிறகு ‘ரைம் வில் கிரோல்’ பாட்டில் தொடங்குங்கள். 1986 ஏப்ரலில் சுவிற்சர்லாந்தின் மொந்த்ரேயில் ஒலிப்பதிவுக்கு இடையில் போவி புல்தரையில் இருந்தபோது, ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த பொறியியலாளர் ஓடிவந்து ரஷ்யப் பக்கம் ஏதோ பெரிதாக நடக்கிறது என்றாராம். செர்னோபில் அணுவுலை விபத்து. அந்தப் பயத்தில் பிறந்த பாட்டு. பழையதில் ட்றம் மெசின் ஒரே இறுக்கமாகத் தட்டிக்கொண்டே போக, குரலின் பயம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். புதியதில் ஸ்ரேர்லிங் காம்பெல் ட்றம்ஸ் வாசித்ததில் அடிக்கும் அடிக்கும் நடுவே மூச்சு விட இடமிருக்கிறது. குரல் முன்னுக்கு வருகிறது. இந்தப் பாட்டில் எனக்குப் புதியதுதான்.

“செத்தவரின் வேலையில் கைவைக்கலாமோ?” என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். ‘நல்லாயிருக்கா’ என்பதோடு இதைக் கலக்கவேண்டாம், தனியாக எடுங்கள். 2008இல் இதே பாட்டை இதே மக்நல்ரியைக் கொண்டு திருத்தியது போவியேதான்; மற்றப் பாட்டுகளையும் இப்படிச் செய்ய ஆசை என்று அப்போதே எழுதினார். ‘ரூ டிஸ்ஸி’ பாட்டு 1995 மறுவெளியீட்டிலேயே இல்லாமல் போய்விட்டது. ஆக, 1987இல் வந்தபடியே தொடாமல் வைக்கவேண்டும் என்ற வாதம் அவரிடமே நிற்காது.

ஆனால் ஆசைப்பட்டது வேறு, பக்கத்தில் இருந்து “இது சரி, இது வேண்டாம்” என்று சொல்வது வேறு. இதற்கு ‘ஷைனிங் ஸ்ரார்’ பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். புதியதில், நடிகர் மிக்கி ரூர்க் பேசிய பகுதியை எடுத்துவிட்டு இசைக் கலைஞர் லோரி அண்டர்சனைப் பேச வைத்திருக்கிறார்கள். நல்லாய்த்தான் பேசுகிறார். என்றாலும் போவி தானே பாட்டில் சேர்த்துக்கொண்டவர் ரூர்க். ட்றம்ஸை மாற்றுவதும் அவர் சேர்த்துக்கொண்ட ஆளை அனுப்பிவிடுவதும் ஒன்றில்லை. இந்த இடத்தில் நான் எதிர்ப்பக்கம்.

2018இல் வந்த இசைத்தட்டுப் பெட்டித்தொகுப்பில் பழையது, புதியது இரண்டு அல்பமுமே இருக்கின்றன. புதிதாக வருகிற பொடியளுக்குப் பழையதை முதலில் போடுங்கள்.