பழைய பிக்கப்புக்கு பிரேக் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். காபி, மிளகு மூட்டை ஏற்றி இறங்கும் பழைய பிக்கப்காரர்கள் சேலம் பட்டறைக்கு வந்ததும் சொல்வது, "பிரேக் பத்தல, பெரிய டிஸ்க் போட்டுடுங்க". பெரும்பாலும் குறை டிஸ்க்கில் இருக்காது.

முதலில் பின்பக்கம் குனிந்து பாருங்கள். பல பிக்கப்புகளில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே போய், சேஸிஸில் இருக்கும் ஒரு வால்வைத் தொடும். லோடு ஏறி வண்டி அமுங்கினால் கம்பி வால்வைத் தள்ளும், பின் சக்கரத்துக்கு பிரேக் அழுத்தம் கூடும். காலி வண்டியில் பின் டயர் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நம் ஆட்கள் லோடு தாங்கட்டும் என்று பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டை போட்டுவிடுவார்கள். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பின்பக்கம் அமுங்காது. வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் சும்மா இருக்க, முன் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் மட்டும் கருகும். இதைச் சரிசெய்யாமல் டிஸ்க் வாங்குவது வீண் செலவு. கம்பியை அந்த வண்டியின் சர்வீஸ் புத்தக அளவுக்கு வைக்க வேண்டும். சிலர் வால்வையே கழற்றிவிட்டு நேர்க்குழாய் போடுகிறார்கள். மழை நாளில் காலி வண்டி பம்பரமாகச் சுற்றும்போதுதான் அதன் அருமை தெரியும்.

அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கிவிடும். இறக்கத்தில் காலிபர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரைக்குப் போய்விடும். புது டிஸ்க்கும் காலிபரும் போட்டு, டப்பாவில் கறுத்துக் கிடக்கும் பழைய ஆயிலையே விட்டுவைப்பவர்களை என்ன சொல்ல? டாட் 5 என்று எழுதிய சிலிக்கான் ஆயிலை மட்டும் இதில் கலக்காதீர்கள். டாட் 5.1 வேறு, அது டாட் 4 வகையைச் சேர்ந்தது.

பெரிய பிஸ்டன் உள்ள காலிபர் போட்டால் அதற்கு அதிக ஆயில் வேண்டும், பெடல் கீழே இறங்கும். உடனே, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக மாற்றுவார்கள். பெடல் கல்லாகும், அதே மிதிக்கு அழுத்தம் குறையும். இரண்டையும் பொருத்தம் பார்த்து வாங்குங்கள், மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரின் வேக்குவம் சரியா என்றும் சோதியுங்கள். டிஸ்க் பெரிதானால் பழைய ரிம் உரசுமா என்பதைக் காசு கொடுக்கும் முன் பாருங்கள்.

பின் சக்கரத்தின் டிரம் பிரேக்கை எடுத்து டிஸ்க் போட ஆசைப்படுபவர்கள் ஹேண்ட் பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். எஸ்டேட் சரிவில் மூட்டை ஏற்ற வண்டியை நிறுத்துவது அதுதான். அதற்கு வழியில்லாத கிட் என்றால் வேண்டாம். என்னைக் கேட்டால், மலை வண்டிக்கு நல்ல லைனிங் (டிரம்முக்குள் உரசும் பகுதி) போட்ட டிரம்மே போதும்.

வேலை முடிந்து, பிரேக் குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். சில வண்டிகளில் அந்த லோடு வால்விலேயே தனி நிப்பிள் (காற்றை வெளியே விடும் திருகு) இருக்கும், விட்டுவிடாதீர்கள். புது பேட் போட்ட அன்றே லோடோடு மலை இறங்க வேண்டாம். சமதளத்தில் மிதமாகப் பலமுறை பிரேக் பிடித்து, இடையிடையே ஆறவிட்டு, பேட் படிந்தபின் ஏற்றுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் போடாமல் இரண்டாம் கியரில் இறங்கினால் பேட்டும் நாள்படும்.